இறைச்சி பொரியும் சத்தம் கேட்கும்வரை

போயாவுக்கு முதல் நாள் பின்னேரம் கொழும்பு கொட்டாஞ்சேனையில் நான் போகும் இறைச்சிக்கடையில் நிற்க இடம் இருக்காது. மறுநாள் பௌர்ணமி விடுமுறை, கடை பூட்டு, வேண்டியதை எல்லோரும் அன்றைக்கே வாங்கியாக வேண்டும். வைன் வாங்குவதென்றாலும் அப்படித்தான், போயாவில் அதுவும் கிடைக்காது. நான் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: காலில் சவ்வோடு இருக்கிற மாட்டிறைச்சி 600 கிராம், மெஷினில் ஒரே ஒரு தடவை, பெரிய கண் போட்டு அரைத்து. கடைக்காரர் ஒவ்வொரு முறையும் "அது லேசில அவியாது தங்கச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் வெட்டுவார். லேசில் அவிய வேண்டாம், எனக்கு நாளைக்கு முழுநாளும் லீவு.

இத்தாலியின் பொலோனியா ஊர் ராகூதான் விஷயம், சின்ன நெருப்பில் நெடுநேரம் வைக்கிற இறைச்சிக் குழம்பு. இங்கே ரெஸ்டோரன்டுகளில் ஸ்பெகட்டி பொலொனேஸ் என்று வருவதைச் சாப்பிட்டு, அது தக்காளி சோஸில் அரைத்த இறைச்சி போட்டது என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். பொலோனியா வர்த்தக சம்மேளனத்தில் 1982 ஒக்டோபரில் பதிவு செய்து வைத்த செய்முறையை வாசித்த பிறகுதான் கண் திறந்தது. 300 கிராம் இறைச்சி, 150 கிராம் பன்செட்டா, கரட் 50 கிராம், செலரி 50 கிராம், வெங்காயம் 30 கிராம், அரைக் கிளாஸ் வைன், ஒரு கிளாஸ் பால். தக்காளி? வடித்த தக்காளிச் சாறு வெறும் 5 கரண்டி! 2023இல் அதைப் புதுப்பித்தபோது தக்காளியை 200 கிராமாகக் கூட்டினார்கள், ஆனாலும் இது இறைச்சிக் குழம்புதான், தக்காளிக் குழம்பு இல்லை. இன்னும் பின்னால் போனால், 1891இல் இத்தாலியச் சமையல் நூலாசிரியர் ஆர்ட்டூசி எழுதிய பொலோனியா முறையில் தக்காளியே கிடையாது. உள்ளியும் இல்லை, மூலிகை இலைகளும் இல்லை. இவ்வளவு குறைந்த சாமானில் எப்படி ருசி வரும் என்று கேட்டால், பதில் அடுப்பில்தான் இருக்கிறது.

முதலில் பன்செட்டா. அது உப்பில் ஊறிய பன்றி வயிற்றுக் கொழுப்பு இறைச்சி, கொழும்பில் தேடி அலைய வேண்டும், விலையும் கூட. நான் பேக்கனைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்துப் புகைவாசத்தைக் குறைத்துவிட்டுப் பொடியாக வெட்டிப் போடுகிறேன். பன்றி சாப்பிடாதவர்கள் கொழுப்புள்ள மாட்டிறைச்சியாகப் பார்த்து வாங்கினால் போதும். மாடே சாப்பிடாத வீடு என்றால் ஆட்டிறைச்சியில் செய்யலாம், அது பொலோனியா ராகூ ஆகாது, ஆனால் இத்தாலியிலேயே அப்ருட்சோ பக்கம் ஆட்டுக்குட்டி இறைச்சியில் ராகூ வைக்கிறார்கள், அதனால் குற்ற உணர்ச்சி தேவையில்லை.

கொழுப்பு உருகியதும் வெங்காயம், கரட், செலரி, மூன்றும் அரிசி அளவுக்குப் பொடியாக. நுவரெலியாக் கரட் இதற்கு அருமை, நல்ல இனிப்பு. ஆனால் நம்முடைய செலரியில் கவனம். சந்தையில் கட்டாகக் கிடைப்பது ஃபிரைட் ரைஸுக்குப் போடும் மெல்லிய தண்டு, வாசம் அடிக்கும், இலையை எல்லாம் கழித்துவிட்டுத் தண்டை மட்டும், அதுவும் சொன்ன அளவில் பாதி போட்டால் போதும். சின்ன நெருப்பில் கால் மணித்தியாலம், சிவக்க விடாமல், வதங்கி ஒன்றோடொன்று ஒட்டும்வரை.

அப்புறம் இறைச்சி. இங்கேதான் எல்லாம் இருக்கிறது. போட்டதும் அது நீர் விடும், சட்டியில் சாம்பல் நிறத்தில் தண்ணீர் நிற்கும், பார்க்கவே ஆசை வராது, அவசரப்பட்டு இந்த நேரத்தில் வைனை ஊற்றினால் கடைசிவரை அவித்த இறைச்சியின் ருசிதான். காத்திருங்கள். நெருப்பைக் கொஞ்சம் கூட்டி, அகப்பையால் கட்டிகளை உடைத்துக்கொண்டே நில்லுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் சத்தம் மாறும். கொதிக்கிற சத்தம் அடங்கி, மெல்ல ஒரு சிரசிரப்பு, பிறகு கடுகு வெடிப்பதுபோல் பட் பட்டென்று பொரியும். சட்டியின் அடியில் மண்ணிறத்தில் ஒரு பொருக்குப் பிடிக்கும், விளிம்பில் எண்ணெய் மினுங்கும்.

முதல் முறை செய்த அன்று அம்மா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன பிள்ளை, தூளும் போடேல்லை, உள்ளியும் போடேல்லை" என்று ஆரம்பத்தில் கவலைப்பட்டவர், நான் வைன் போத்தலைத் தூக்கியதும் "பொறு பொறு, இன்னும் தண்ணி வத்தேல்லை" என்று தடுத்தார். ஐந்து நிமிடம் கழித்து, எட்டிக்கூடப் பார்க்காமல், "இப்ப விடு, எண்ணெய் பிரிஞ்சிட்டுது" என்றார். யாழ்ப்பாணத்து ஆட்டிறைச்சிப் பிரட்டலை நாற்பது வருடமாகக் காதால் கேட்டே இறக்குகிறவர். செய்முறையில் "நன்றாகப் பொரியவிடவும்" என்று ஒற்றை வரியில் போய்விட்டதை அம்மாதான் எனக்குக் கற்றுத்தந்தார்.

வைன் ஊற்றி, அடிப்பொருக்கைச் சுரண்டி, வாசம் போய் வற்றியதும் தக்காளி, கொஞ்சம் எலும்பு அவித்த சூப். நெருப்பை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு. சட்டி கொதிக்கக் கூடாது. எங்கேயோ ஒரு மூலையில் ஒரு குமிழ் எழும்பி, பொளக்கென்று உடைந்து, அடுத்தது வர இரண்டு மூச்சு எடுக்க வேண்டும். மூடியைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, இடையிடையே. பால் புளிப்பை அடக்கும், முதலில் திரிந்ததுபோல் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம், கரைந்துவிடும். பால்மா கரைத்து ஊற்றிப் பார்த்திருக்கிறேன், பரவாயில்லை, ஆனால் பசும்பாலின் கொழுமை வராது.

எழுதி வைத்த கணக்கு இரண்டு மணித்தியாலம். சவ்வுள்ள இறைச்சிக்கு நான் மூன்று வைக்கிறேன். அந்தச் சவ்வு மெல்ல மெல்ல உருகித்தான் சோஸுக்கு வழுவழுப்புக் கொடுக்கிறது, தனிச் சதையில் அது கிடைக்காது. 2022இல் வெறும் சிலிண்டரோடு வரிசையில் நின்ற நாட்களில் மூன்று மணித்தியாலம் அடுப்பு எரிப்பதை நினைத்தும் பார்க்க முடியாது, அதனால் பிரஷர் குக்கரில் வைத்தேன். இறைச்சி மெத்தென்று அவிந்தது, ஆனால் நீர் வற்ற வழியில்லாததால் சோஸ் தனியாகவும் இறைச்சி தனியாகவும் நின்றன. கடைசியில் மூடியைத் திறந்து இருபது நிமிடம் வற்றவிட வேண்டியிருந்தது, அப்போதும் அந்தத் திரட்சி வரவில்லை. இப்போது இரண்டு மடங்காகச் சமைத்துப் பாதியை ஃப்ரீசரில் வைக்கிறேன், கேஸுக்கும் அதுதான் கட்டுப்படி.

பொலோனியாவில் இதை ஸ்பெகட்டியோடு பரிமாறமாட்டார்கள், முட்டை போட்டுப் பிசைந்த மாவில் வெட்டிய தாலியத்தெல்லேதான், அவித்த பிறகு 8 மில்லிமீட்டர் அகலம் என்று அதையும் 1972இல் பதிந்திருக்கிறார்கள். தட்டையான நூடில்ஸில்தான் இந்த சோஸ் பிடித்து நிற்கும், ஸ்பெகட்டியில் வழுக்கித் தட்டின் அடிக்குப் போய்விடும். பாஸ்தாவை வடித்ததும் சோஸ் சட்டிக்குள்ளேயே போட்டு, அது அவிந்த நீரில் ஒரு அகப்பை விட்டுப் பிரட்டுங்கள். மேலே பர்மேசான் சீஸ் துருவல். வேறொன்றும் வேண்டாம்.

மிஞ்சியது மறுநாள் இன்னும் ருசி. போயாவுக்கு அடுத்த நாள் காலையில் நான் வேலைக்கு வெளிக்கிடும்போது அம்மா அந்தச் சட்டியைச் சூடாக்கி, றோஸ் பாணைப் பிய்த்து விளிம்பில் திரண்டிருக்கிற எண்ணெயில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இன்னும் ஒரு தடவையும் தூள் கேட்கவில்லை.