செவ்வாய்க்கிழமை வகுப்பு

2025 ஜனவரி 7, செவ்வாய்

இன்றைக்கு ஆரம்பித்துவிட்டது. குரூப் தெரபி என்றுதான் கடிதத்தில் போட்டிருந்தார்கள், ஆனால் போய் உட்கார்ந்தால் அது வகுப்பு மாதிரியே இருந்தது. புரொஜெக்டர், ஆளுக்கொரு ஃபைல், பேனா இல்லாதவர்களுக்குப் பேனா. இரண்டு பேர் நடத்துகிறார்கள். முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிட்டார்கள்: இங்கே யாரும் தன் கதையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, பெயரைக்கூடச் சொல்லாமல் உட்கார்ந்திருக்கலாம், இங்கே கேட்டதை வெளியே கொண்டு போகக் கூடாது. அதனால் இந்தக் குறிப்பில் யார் பெயரும் வராது, ஊர், வேலை, வயதெல்லாம் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுவேன்.

எப்படி இங்கே வந்து சேர்ந்தேன் என்றால், தூக்கம் போய், காரணமே இல்லாமல் நெஞ்சு படபடவென்று அடித்து, இதயம்தான் என்று பயந்து ஜி.பி.யிடம், அதாவது குடும்ப டாக்டரிடம் போனேன். ஈ.சி.ஜி. எல்லாம் சரியாக இருந்தது. மாத்திரையைப் பற்றிப் பேசினார், அதோடு என்.எச்.எஸ். டாக்கிங் தெரபீஸில், அதாவது அரசு மருத்துவச் சேவை நடத்துகிற பேச்சுச் சிகிச்சையில் நீங்களே பதிவு செய்துகொள்ளலாம், என் கடிதம் வேண்டாம் என்றார். இங்கிலாந்தில் 2008-ல் ஆரம்பித்த திட்டம், 2023 வரை வேறு நீளமான பெயரில் இருந்தது. போனில் ஒருவர் அரை மணி நேரத்துக்கு மேல் கேள்வி கேட்டார். தனியாக ஒருவரிடம் பேசுவதென்றால் காத்திருக்க வேண்டும், குரூப் என்றால் ஜனவரியிலேயே இடம் இருக்கிறது என்றார்.

குரூப் என்பது காசில்லாதவனுக்குக் கொடுக்கிற மலிவுப் பதிப்பு என்றுதான் நினைத்தேன். தேடிப் பார்த்தால், எதற்கு எந்தச் சிகிச்சை தரலாம் என்று சொல்கிற நைஸ் என்ற அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டியில், கடுமையில்லாத மனச்சோர்வுக்கான சிகிச்சை வரிசையில் குரூப் சி.பி.டி. (எண்ணத்தையும் செய்கையையும் மாற்றப் பழக்குகிற பேச்சுச் சிகிச்சை) இரண்டாவது இடத்தில் இருக்கிறது, தனியாள் சி.பி.டி.க்கு மேலே. பலன், செலவு இரண்டையும் பார்த்துப் போட்ட வரிசை அது, ஆக மலிவு என்பதும் பொய்யில்லை. சுமார் எட்டுப் பேர், எட்டு வகுப்பு, நடத்த இரண்டு பேர் என்பதும் அதிலேயே இருக்கிறது. எங்கள் அறையில் தலைகள் கொஞ்சம் அதிகம்.

ஒரு விஷயம் விட்டுப்போச்சே. லண்டன் ஈஸ்ட் ஹாமில் தமிழர் இல்லாத அறை கிடைக்குமா? டீ எடுக்கப் போன இடத்தில் ஒரு அக்கா, யாழ்ப்பாணம். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் எத்தனையோ தடவை பார்த்த முகம். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவர் கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை, நான் உம்மை இஞ்ச காணேல்லை, நீரும் என்னைக் காணேல்லை. சரியோ?" சரி என்றேன். பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுப் போய் வேறு வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

2025 ஜனவரி 9, வியாழன்

வகுப்புக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் இரண்டு படிவம் நிரப்ப வேண்டும். பி.எச்.க்யூ-9 மனச்சோர்வுக்கு, ஒன்பது கேள்வி, மொத்தம் 27. ஜி.ஏ.டி-7 பதற்றத்துக்கு, ஏழு கேள்வி, மொத்தம் 21. கடந்த இரண்டு வாரத்தில் இது எத்தனை நாள் உங்களைத் தொந்தரவு செய்தது என்று கேட்கும்: அறவே இல்லை, சில நாள், பாதி நாளுக்கு மேல், அனேகமாகத் தினமும். முதலாவதில் 10, இரண்டாவதில் 8 அல்லது அதற்கு மேல் வந்தால் சிகிச்சை தேவைப்படுகிற ஆள் என்று கணக்கு.

ஒன்பதாவது கேள்வி வேறு மாதிரி. செத்துப்போனால் நல்லது என்றோ உங்களையே காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ தோன்றியதா? நான் 'சில நாள்' என்று போட்டேன். அதைப் போட்டால் உடனே ஆம்புலன்ஸ் வரும், பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பார்கள் என்றெல்லாம் நம்மவர்களிடையே ஒரு பேச்சு உண்டு, பலர் பூஜ்யம் போட்டுவிட்டுப் போவது அதனால்தான். நடந்தது இதுதான்: நடத்துகிறவர்களில் ஒருவர் வகுப்பு முடிந்ததும் தனியாக அழைத்து, நினைப்பு மட்டுமா, எப்படி என்றும் யோசித்தீர்களா, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நிதானமாகக் கேட்டார். நினைப்பு மட்டும்தான் என்றேன். ஒரு அட்டையில் எண்கள் எழுதிக் கொடுத்தார்: 111 அடித்து 2-ஐ அழுத்தினால் மனநல நெருக்கடிப் பிரிவு, 116 123 அடித்தால் மனம் விட்டுப் பேசக் கேட்கிற சமாரிட்டன்ஸ் என்ற தொண்டு அமைப்பு, இரண்டும் இரவு பகல் எந்நேரமும். நேற்றுக் காலையில் போன் செய்து ஒரு வார்த்தை விசாரித்தார். அவ்வளவுதான்.

2025 ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். காலையில் குக்கர் பொங்கல் வைத்து, அம்மாவுக்கு வீடியோவில் காட்டி, ஆபீஸ், அப்புறம் நேரே வகுப்பு.

இன்றைக்குப் பலகையில் ஒரு படம் வரைந்தார்கள். எண்ணம், உணர்ச்சி, உடம்பு, செய்கை என்று நாலு மூலை, எல்லாவற்றுக்கும் நடுவே அம்புக்குறி. குறுக்கே கோடு போட்டது போல் இருப்பதால் ஹாட் கிராஸ் பன் என்பார்கள், இங்கே ஈஸ்டருக்கு முன்னால் கடைகளில் குவிந்து கிடக்குமே அந்த பன். கிறிஸ்டின் படெஸ்கி, கேத்லீன் மூனி என்ற இரண்டு அமெரிக்கப் பெண்கள் 1990-ல் போட்ட படம்.

ஒருவர் உதாரணம் கொடுத்தார். சாயங்காலம் ஐந்தரைக்கு மேனேஜரிடமிருந்து ஒரு வரி மெயில்: "நாளைக்கு ஒரு பத்து நிமிடம் பேசலாமா?" எண்ணம் என்ற மூலையில் 'வேலை போச்சு' என்று எழுதினார்கள். உடம்பு: வயிற்றைப் பிசைகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. உணர்ச்சி: பயம், அவமானம். செய்கை என்ற மூலைக்கு வந்ததும்தான் அறை கலகலத்தது. அந்த மெயிலைத் திரும்பத் திரும்பப் படிப்பது, முற்றுப்புள்ளிக்கு அர்த்தம் தேடுவது, ஆறு மாதத்துப் பழைய மெயில்களைத் தோண்டுவது, ராத்திரி இரண்டு மணிக்கு வேறு வேலை தேடுவது. ஆளுக்கு ஆள் கத்திச் சொல்கிறார்கள், எழுத இடமில்லை. நான் மட்டும்தான் முற்றுப்புள்ளிக்கு அர்த்தம் தேடுகிறேன் என்று இத்தனை வருடம் நினைத்திருக்கிறேன்! (கடைசியில் அது லீவு பட்டியல் பற்றிய பேச்சாம்.)

பிறகு கேட்டார்கள்: இதில் எந்த மூலையில் நீங்கள் கை வைக்க முடியும்? பயப்படாதே என்று சொன்னால் பயம் நிற்காது. எண்ணத்தையும் செய்கையையும்தான் கொஞ்சம் அசைக்கலாம், அசைத்தால் மற்ற இரண்டும் பின்னாலேயே நகரும். சி.பி.டி. என்பதே இவ்வளவுதான் என்று தோன்றுகிறது. 1960-களில் ஃபிலடெல்ஃபியாவில் ஆரன் பெக் ஆரம்பித்தது, அவர் முதலில் ஃபிராய்டு வழியில் படித்தவர் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

2025 ஜனவரி 23, வியாழன்

இந்த வார ஹோம்வொர்க் ஒரு கால அட்டவணை. மேலே ஏழு நாள், பக்கத்தில் மணி. அந்த மணியில் என்ன செய்தேன், அதில் சந்தோஷம் பத்துக்கு எத்தனை, செய்து முடித்த திருப்தி பத்துக்கு எத்தனை. சனிக்கிழமைப் பத்தியைப் பார்த்தால் எனக்கே சங்கடமாக இருக்கிறது: சோபா 0, 0. சோபா 0, 0. போன் 1, 0. சோறு வைத்தேன் 0, 2. சோபா.

மனச்சோர்வில் ஒரு பொறி இருக்கிறது. மனசு சரியானதும் வெளியே போகலாம் என்று காத்திருப்போம், போகாததால் மனசு இன்னும் சரியாகாது. அதனால் மனசைக் கேட்காமல் அட்டவணையைக் கேள் என்கிறார்கள். இதற்கு முன்னோடி 1970-களில் லூவின்சன் என்ற உளவியலாளர். 1996-ல் ஜேக்கப்சன் குழு சி.பி.டி.யைப் பிரித்துச் சோதித்தபோது, எண்ணங்களை அலசுகிற பகுதி இல்லாமல் இந்தச் செய்கைப் பகுதி மட்டுமே முழு சிகிச்சைக்குச் சமமாக வேலை செய்ததாம். எனக்கு இது பெரிய நிம்மதி, ஏனென்றால் என் எண்ணங்களோடு வாதாடி ஜெயிக்க என்னால் ஆகாது, வக்கீல் குடும்பத்தில் பிறந்தவை அவை.

சின்னதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள், ரொம்பச் சின்னதாக. 'உடற்பயிற்சி செய்வேன்' என்று எழுதியவரிடம், எத்தனை மணிக்கு, எந்தச் செருப்பு போட்டுக்கொண்டு என்று கேட்டார்கள். நான் எழுதியது: புதன் மாலை ஆறு மணி, நடந்துபோய்க் கறிவேப்பிலை வாங்குவது. பஸ் கிடையாது. நேற்று மழை, போகப் பிடிக்கவே இல்லை. போனேன். சந்தோஷம் 2, திருப்தி 5. ரசத்தில் போட்டபோது சந்தோஷத்தை 4 ஆக்கினேன், அப்படி மாற்றலாமா என்று தெரியவில்லை, மாற்றிவிட்டேன்.

2025 பிப்ரவரி 4, செவ்வாய்

பானிக், அதாவது திடீரென்று வந்து அமுக்குகிற பீதி. இன்றைக்கு எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தோம்.

பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கிறது, ஓடவோ சண்டை போடவோ உடம்பு தயாராகிறது, மூச்சு வேகமாகிறது. நாம் ஓடுவதில்லை, டியூபில் (லண்டன் பாதாள ரயில்) நின்றுகொண்டிருக்கிறோம். தேவைக்கு மேல் மூச்சு விட்டதில் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, அதனால்தான் தலைசுற்றல், விரல் மரமரப்பு. அதைப் பார்த்து மயக்கம் வருகிறது, மாரடைப்பு வருகிறது என்று இன்னும் பயம். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்த் தானே இறங்கிவிடும், நாம் அதற்குள் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுவதால் இறங்கியதுதான் காப்பாற்றியது என்று நம்பிவிடுகிறோம்.

காப்பாற்றுகிறது என்று நாம் நம்பிக் கையோடு வைத்திருக்கிற பொருள்களைச் சொல்லச் சொன்னார்கள். தண்ணீர் பாட்டில், ஹெட்போன், கதவுப் பக்க சீட். என் கைப்பையில் கோடாலித் தைலம், மூடி எப்போதும் அரைத் திருகல் தளர்ந்தே இருக்கும், அவசரத்துக்குத் திறக்க. என்னவென்று எடுத்துக் காட்டச் சொன்னார்கள், அறை முழுக்க வாசம். தைலத்தில் தவறில்லை, அது இல்லாமலும் நீங்கள் பிழைப்பீர்கள் என்பதை உங்கள் உடம்பு பார்க்க வாய்ப்பே கிடைக்கவில்லை என்றார்கள். ஒரு தடவை அதில்லாமல் டியூபில் போக வேண்டுமாம்.

2025 பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். லீவு போட்டு மேனர் பார்க் முருகன் கோயிலுக்குப் போனேன். கூட்டம், கற்பூரப் புகை, நெரிசல், எனக்கு ஆகாதது எல்லாம் ஒரே இடத்தில். தைலத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். சந்நிதிக்கு முன்னால் நிற்கும்போது வந்தது, வழக்கம்போலக் காலிலிருந்து ஏறியது. வெளியே போகாமல் நின்றேன். கும்பிட்டேன் என்று சொல்ல முடியாது, மூச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை நிமிடம் என்று தெரியாது, இறங்கியது.

பிரசாத வரிசையில் யாழ்ப்பாணத்து அக்கா. ஒப்பந்தத்தை அவர் அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார், என் தோளுக்கு மேலே தூணைப் பார்த்துக்கொண்டு கடந்து போனார். சாயங்காலம் வகுப்பில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வெளிக்கிடாமல் நிண்டனீர், பாத்தனான்" என்றார்.

2025 பிப்ரவரி 19, புதன்

பள்ளி விடுமுறை, வகுப்பு இல்லை. கவலை நேரம் பழகுகிறேன். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அரை மணி நேரம் கவலைப்படுவது, மற்ற நேரத்தில் வருகிற கவலையைத் தாளில் குறித்துவிட்டு 'ஏழு மணிக்கு வா' என்று அனுப்பிவிடுவது. போர்கோவெக் என்பவர் 1983-லேயே சோதித்துப் பார்த்த முறை. அம்மாவின் சுகர், வீட்டுக் கடன், மகனின் கணக்கு மார்க் என்று தாள் நிறைகிறது. ஏழு மணிக்கு உட்கார்ந்தால் பாதிக்கு மேல் சூடு ஆறியிருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். "கவலைப்பட நேரம் குறிச்சுக் குடுக்க ஒரு ஆஸ்பத்திரியா? துன்னூறு பூசிட்டுப் படுளா" என்றாள். அதையும் செய்கிறேன்.

2025 பிப்ரவரி 25, செவ்வாய்

இரண்டு மூன்று பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கு எண்ணத்துக்கு ஆதாரம் தேடுகிற வகுப்பு. ஒரு எண்ணத்தை எழுது, ஒரு பக்கம் ஆதரவான சான்று, மறுபக்கம் எதிரான சான்று. ஒருவர் எழுதியது: 'இந்த வீட்டில் இருந்தால் என் குழந்தைக்கு மூச்சுத்திணறல் கூடும்.' ஆதரவுப் பக்கம் சுவர் முழுக்கப் பூஞ்சை, வாடகைக்காரர் புகாருக்குப் பதில் போடாத வீட்டுக்காரர், டாக்டரின் கடிதம். எதிர்ப் பக்கம் காலி. அறை அமைதியாகிவிட்டது.

நடத்துகிறவர் நேர்மையாகவே சொன்னார்: இது எண்ணத்தின் கோளாறு இல்லை, இது நிஜப் பிரச்சினை, இதற்கு வேறு தாள். பிரச்சினையைக் கூறுபோட்டு அடுத்த படியை எழுதுகிற தாள் எடுத்துக் கொடுத்து, சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பின் விவரமும் கொடுத்தார். ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. இந்தத் திட்டத்துக்குப் பணம் வந்ததே ஒரு பொருளாதாரக் கணக்கில்தான். ரிச்சர்டு லேயார்டு என்ற பொருளாதார அறிஞரும் டேவிட் கிளார்க் என்ற உளவியலாளரும், ஆட்கள் குணமாகி வேலைக்குத் திரும்பினால் சிகிச்சை தன் செலவைத் தானே ஈடுகட்டும் என்று அரசாங்கத்திடம் வாதாடி, 2006-ல் டான்காஸ்டரிலும் எங்கள் நியூஹாமிலும் சோதனை ஓட்டம் விட்டார்கள். அந்தக் கணக்கில் ஈரச் சுவருக்கு ஒரு பத்தி கிடையாது. எனக்குப் பயன்பட்டது, அதை மறுக்க மாட்டேன். சுவரைக் காய வைப்பது வீட்டுக்காரரும் கவுன்சிலும் பார்க்க வேண்டிய வேலை, அதை மூச்சுப் பயிற்சியால் செய்ய முடியாது.

2025 மார்ச் 4, செவ்வாய்

கடைசி வகுப்பு. திரும்ப வந்தால் முதலில் எது தெரியும் என்று எழுதச் சொன்னார்கள். நான் எழுதியது: போனை எடுக்க மாட்டேன், தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டேன், சனிக்கிழமை சோபா. இதை வீட்டில் ஒருவருக்குத் தெரியப்படுத்த வேண்டும். என் கணவருக்குப் படித்துக் காட்டினேன், எண்ணெய் விஷயம் எனக்கு முன்னாலேயே தெரியும் என்றார்.

மனச்சோர்வு மதிப்பெண் 16-லிருந்து 9. அது பத்துக்குக் கீழேயும் பதற்ற மதிப்பெண் எட்டுக்குக் கீழேயும் வந்துவிட்டதால் 'குணமானவர்' பட்டியலில் என்னைச் சேர்ப்பார்கள். ஒன்று கூடி 10 ஆகியிருந்தால் சேர்த்திருக்க மாட்டார்கள், அந்த ஒரு மார்க்கில் என்ன இருக்கிறது? ஆறு குறைந்தாலே நிஜமான மாற்றம் என்று இன்னொரு அளவுகோலும் வைத்திருக்கிறார்கள், அது எனக்குச் சரியாகப் படுகிறது. ஒன்பதாவது கேள்விக்குப் பூஜ்யம் போட்டேன், உண்மையாகவே.

2025 மார்ச் 9, ஞாயிறு

ஹாரோவில் இருக்கிற சித்தி மகள் போன் செய்தாள். யாரிடமும் சொல்லாமல் ஒரு வருடமாகத் தூங்காமல் இருக்கிறாளாம். முதல் கேள்வி, "அங்க போனா எல்லார் முன்னாடியும் அழணுமாக்கா?" வேண்டாம், பேனா மட்டும் கொண்டு போ என்றேன். இங்கிலாந்தில் ஜி.பி.யிடம் பதிவு இருந்தால் போதும், அவரைப் பார்க்காமலே விண்ணப்பிக்கலாம், ஆங்கிலத்தில் பேசச் சங்கடமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், அதற்குக் காசு கிடையாது. அவள் அம்மா ஊரில் இதே பாட்டைப் பாடுகிறாராம். அவருக்கு 14416 கொடுத்தேன், இந்திய அரசின் டெலி மானஸ், தமிழிலேயே பேசுவார்கள்.

படிவம் நிரப்பும்போது ஒன்பதாவது கேள்விக்கு என்ன போடுவது என்று கேட்டாள். உள்ளதைப் போடு என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை நேரில் போகிறேன், சேர்ந்து உட்கார்ந்து அனுப்புவதாகப் பேச்சு. அதுவரை தினமும் ராத்திரி ஒன்பதுக்குக் கூப்பிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.