ஸ்டிக்கில் 9 மில்லி ஆட்டம்: திருவொற்றியூர் ஷெட் நாட்குறிப்பு

ஜூன் 7, சனி

ஷெட்டில் நான் கட்டிவரும் விமானத்துக்கு இறக்கையைப் பூட்டுவதற்கு முன் கன்ட்ரோல் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எலிவேட்டரை, அதாவது வாலில் மேலும் கீழும் அசைந்து மூக்கை ஏற்றி இறக்கும் பலகையை, இரண்டு மரக்கட்டைக்கு நடுவில் வைத்துப் பட்டையால் இறுக்கிக் கட்டிவிட்டு, அதை இயக்க ஓட்டுகிறவர் பிடிக்கும் ஸ்டிக்கை அசைத்தேன். வாலில் துளி அசைவில்லை. ஆனால் ஸ்டிக்கின் தலை 9 மில்லிமீட்டர் சும்மா போய் வருகிறது. நாலு வருஷ உழைப்பு. வயிறு கலங்கிவிட்டது.

நட்டை எல்லாம் இன்னும் கொஞ்சம் முறுக்கிப் பார்த்தேன். ஆட்டம் குறைந்தது. கூடவே ஸ்டிக் கல் மாதிரி இறுகிவிட்டது. திரும்பத் தளர்த்தினேன்.

ஜூன் 8, ஞாயிறு

மாமா வந்தார். பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில் பெட்டியின் பிரேக் கம்பிகளில் பின்னும், துளைக்குள் போடும் உலோக வளையமான புஷ்ஷும் மாற்றிப் பழகிய கை.

"நட்ட ஏன் முறுக்குற தம்பி? நட்டு இன்னா பண்ணும்? ஓட்டையப் பாரு."

ஆட்டத்தைத் தேட அவர் வழி எளிது. நான் ஸ்டிக்கை மெல்ல ஆட்ட வேண்டும். அவர் ஒவ்வொரு இணைப்பிலும் விரலைக் குறுக்கே வைப்பார், பாதி கம்பி முனையில் இருக்கும் கவையான ஃபோர்க்கின் மேல், பாதி அதற்குள் நுழையும் துளையிட்ட தகட்டுக் காதின் மேல். இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் சரி. ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் விரலுக்குள் 'டிக்' என்று தெரியும். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிகிறது. ஸ்டிக் அடியில் ஒன்று, ஸ்டிக் திரும்பும் அச்சில் ஒன்று, கம்பியின் இழுப்பைத் திசை திருப்பும் பெல் கிராங்க்கில் மூன்று, எலிவேட்டரில் கம்பியைப் பூட்டும் கொம்பான ஹார்னில் ஒன்று. ஆறிலும் டிக்.

போல்ட் ஒன்றரை நூல், அதாவது 3/16 இன்ச், 4.76 மில்லி. இரண்டு வருஷத்துக்கு முன் அந்த அளவு ட்ரில் முறிந்துபோனதும் கையில் இருந்த 5 மில்லியைப் போட்டுத் துளைத்தது நான்தான். ஒரு துளைக்குக் கால் மில்லி இடைவெளி; ஆறுக்கு ஒன்றரை மில்லி. ஸ்டிக் அச்சுக்கு மேலே 480 மில்லி, கீழே 80. ஆறு மடங்கு பெருகி மேலே 9 மில்லியாக வந்து நிற்கிறது. இரவு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது ஒரு பக்கம் நிம்மதி, இன்னொரு பக்கம் வெட்கம்.

ஜூன் 10, செவ்வாய்

அரை நாள் லீவு. மெட்ரோவில் மண்ணடி இறங்கி லிங்கிச் செட்டித் தெருவில் 3/16 ரீமர் வாங்கினேன். தகட்டில் ட்ரில் போடும் துளை முழு வட்டமாக வராது, மூன்று பக்கமாகச் சப்பையாகும். சின்னதாகத் துளைத்து ரீமரால் அளவுக்குக் கொண்டுவருவதுதான் முறை. இது முன்பே எனக்குத் தெரியும், அவசரத்தில் செய்யவில்லை.

ஜூன் 14, சனி

வியாசர்பாடி லேத் பட்டறையில் வெண்கல வகையான கன்மெட்டலில் புஷ் கடைந்து வாங்கினோம். காதின் துளையைப் பெரிதாக்கி புஷ்ஷை அழுத்தி ஏற்றிய பிறகுதான் உள்ளே ரீமர் விட வேண்டும். ஏற்றும்போது புஷ் கொஞ்சம் சுருங்கும்.

எலிவேட்டர் ஹார்னில் அது முடியவில்லை. துளையின் நடுவிலிருந்து விளிம்பு வரை போல்ட் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது உலோகம் வேண்டும். புஷ் போட்டால் அது மிஞ்சாது. ஹார்னைக் கழற்றி ஓரம் வைத்தேன். புதிதாகத்தான் வெட்ட வேண்டும்.

பெல் கிராங்க் அச்சுக்கு மாமா சொன்னபடி புஷ்ஷுக்குள் ஒரு எஃகுக் குழாய், புஷ்ஷைவிட ஒரு மயிரிழை நீளம். நட்டை எவ்வளவு முறுக்கினாலும் அழுத்தம் குழாயோடு நின்றுவிடும். கிராங்க் அதன்மேல் தாராளமாகத் திரும்பும். போன சனிக்கிழமை நான் பட்ட பாட்டுக்கு விடை இந்தச் சின்னக் குழாயில் இருந்திருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

எலிவேட்டரின் பின் ஓரத்தில் இருக்கும் குட்டிப் பலகையான ட்ரிம் டேபைப் பார்த்தோம். பின் விளிம்பு 3 மில்லி ஆடுகிறது. ஸ்டிக்கில் இருந்த ஒன்பதைவிட இந்த மூன்றுதான் என்னைப் பயமுறுத்துகிறது. ஸ்டிக் ஆடினால் ஓட்டுகிறவர் கைக்குத் தெரியும். டேப் பிடிப்பில்லாமல் ஆடினால் வேகம் கூடும்போது காற்றே அதை உதற ஆரம்பிக்கும். அந்த உதறல் எலிவேட்டரைப் பிடித்து, எலிவேட்டர் வாலைப் பிடித்து, ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டே போகும். ஃப்ளட்டர். ஒரு சில விநாடியில் வாலே பிய்ந்து போகலாம். எலிவேட்டர் கீலுக்கு முன்னால் எடை வைப்பதும் இதைத் தடுக்கத்தான். காசிமேட்டில் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை வாங்கி உருக்கி வார்த்து வைத்திருக்கிறேன். எடை சரியாக இருந்தும் டேப் லூசாக இருந்தால் பயனில்லை.

டேபின் கம்பி முனையைக் கழற்றினால் உள்ளே துரு. கடலிலிருந்து ஷெட் கூப்பிடு தூரம். உப்புக் காற்றுக்கு எஃகு என்றால் கொண்டாட்டம். கீலின் கம்பியும் தேய்ந்திருந்தது. இரண்டையும் மாற்ற வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

எல்லாம் பூட்டியாயிற்று. போல்ட் திரும்பும் இடங்களில் உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டை எடுத்துவிட்டு, பள்ளம் வெட்டிய கேஸில் நட்டும், அந்தப் பள்ளத்தில் நுழைந்து பூட்டும் காட்டர் பின்னும். நைலான் நட்டு திரும்பித் திரும்பிக் கழன்றுவிடலாம், காட்டர் பின் போட்ட நட்டு கழலாது. டேபின் கம்பி முனைக்கு வெளியே ஒரு பெரிய வாஷர். முனைக்குள் திரும்பும் குண்டு தேய்ந்து வெளியே வந்தாலும் கம்பி போல்ட்டை விட்டு நழுவாது.

எலிவேட்டரை மறுபடி கட்டைக்குள் கட்டினோம். மாமா நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்தார். ஸ்டிக் தலையில் 0.8 மில்லி. விரலை வைத்தால் எங்கேயும் டிக் இல்லை. டேப் விளிம்பில் கேஜ் முள் அசைந்ததா என்று இரண்டு பேரும் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

மாமா சிவப்புப் பெயின்டில் ஒவ்வொரு நட்டின் குறுக்கேயும், நட்டு நகர்ந்தால் தெரியும்படி, ஒரு கோடு போட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "றெக்கைக்குள்ள போறதுக்கும் அதே ட்ரில்லுதானா?" என்றார்.

ஆமாம், அதே 5 மில்லி. இறக்கையின் பின் ஓரத்தில் அசையும் பலகையான அய்லரான் பக்கம் பதினான்கு துளை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வருகிறேன் என்றிருக்கிறார்.