மணற்கல்லின் ஓட்டைகளை வாசிப்பது

கொங்கு நாட்டில் மணற்கல்லைப் பார்ப்பது அரிது. நம் காலடியில் இருப்பதெல்லாம் நைஸ், சார்னோகைட் மாதிரியான உறுதியான பழைய பாறைகள். ஆனாலும் கோவையில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு வருவது பெரும்பாலும் மணற்கல்தான். கிழக்கே காவிரிப் படுகையின் ஆழத்திலிருந்து துளையிட்டு எடுத்த கோர்கள், அதாவது உருளை வடிவக் கல் துண்டுகள். அவற்றை நான் வெளியூர்க் கல்லாக நினைத்ததில்லை. டைனோசர்கள் வாழ்ந்த கிரெடேசியஸ் காலத்தில் மேற்கே இருந்த இப்படிப்பட்ட பாறைகள் தேய்ந்து போன மணல்தானே அங்கே படிந்து கிடக்கிறது!

கோரை அறுத்து, நீலச்சாயம் கலந்த எபாக்ஸி பிசினை உள்ளே இறக்கி, கண்ணாடியில் ஒட்டி 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்ப்போம். மைக்ரோஸ்கோப்பில் நீலமாகத் தெரிவதெல்லாம் கல்லுக்குள் இருந்த வெற்றிடம். தேய்க்கும்போது மணல் பெயர்ந்து உண்டான குழி நீலமாக இருக்காது. அலிசரின் சாயம் பட்டால் சுண்ணாம்புக் கனிமமான கால்சைட் சிவக்கும், அதைப்போலவே இருக்கும் டாலமைட் என்ற கனிமம் அப்படியே இருக்கும்.

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருநாள் ஸ்லைடைப் பார்த்துக்கொண்டே, "ஏனுங்க சார், இந்த ஓட்டையெல்லாம் மொதல்லயிருந்தே இருந்ததுங்களா?" என்று கேட்டார். இந்த வேலையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

புதிதாகப் படிந்த மணலில் சுமார் 40 சதவீதம் இடைவெளி இருக்கும். மேலே வண்டல் சேரச் சேர மணல்மணிகள் நெருங்கிவிடும். அவர் பார்த்த ஸ்லைடிலோ மணிகள் ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளி நின்றன. கிலோமீட்டர் கணக்கில் பாரம் ஏறிய மணல் தானாக அப்படி நிற்காது. ஏதோ ஒன்று ஆரம்பத்திலேயே நடுவில் புகுந்து தாங்கி, அப்புறம் கரைந்து போயிருக்கிறது. மூலைகளில் அரிபட்ட விளிம்போடு மிஞ்சியிருந்த சிவப்புத் துணுக்குகள் அது கால்சைட் என்று காட்டின. முதலில் ஓட்டையை அடைத்த சிமென்ட்தான் (மணிகளுக்கு நடுவே படியும் கனிமத்தை அப்படித்தான் சொல்வோம்) அந்த இடத்தை நசுங்காமல் காத்தும் வைத்தது. எத்தனை ஸ்லைடு பார்த்தாலும் எனக்கு இதில் வியப்பு தீரவில்லை.

ஆழம் போகாமலே கால்சைட் உருவாகும் என்பதற்குச் சாட்சி இங்கேயே உண்டு. பல்லடம் பக்கம் மண்ணைத் தோண்டினால் வரும் சுக்கான்கல் அப்படி வந்ததுதான். மழைநீர் கால்சியத்தைக் கரைத்துக் கீழே இறக்குகிறது, வெயிலில் நீர் வற்றும்போது அது கல்லாகப் படிகிறது.

மணலில் அதிகம் இருக்கும் கனிமமான குவார்ட்ஸின் போக்கு வேறு. அது பெரும்பாலும் சுமார் 70, 80 டிகிரி வெப்பத்தைத் தாண்டிய பிறகுதான் மணிகளைச் சுற்றி வளரத் தொடங்கும். பழைய மணிக்கும் புதிய வளர்ச்சிக்கும் நடுவே மெல்லிய தூசிக்கோடு தெரிந்தால் அடையாளம் கண்டுவிடலாம். சூடு ஏற ஏற குவார்ட்ஸ் நீரில் அதிகம் கரையும். கால்சைட் குறைவாகக் கரையும். போர் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம். மணிமேல் குளோரைட் என்ற களிமண் கனிமம் மெல்லிய பூச்சாக ஒட்டியிருந்தால் குவார்ட்ஸ் வளர இடம் கிடைக்காது. ஆழத்திலும் நல்ல இடைவெளியோடு சில மணற்கற்கள் கிடைப்பது அதனால்தான்.

அறிக்கைகளில் "அமில நீர் வந்து கரைத்தது" என்று ஒரே வரியில் முடித்திருந்தால் எனக்கு ஒப்பாது. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் நீர் மிக மெதுவாகத்தான் நகரும். கொஞ்சம் கால்சைட்டைக் கரைத்துக்கொண்டு போகவே ஏராளமான நீர் வேண்டும். ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் கரைந்த இடத்தில் (காங்கேயத்துச் சந்திரகாந்தக் கல்லும் ஒரு ஃபெல்ட்ஸ்பார்தான்) கணக்கு ஓரளவு நேராகும். பக்கத்திலேயே அதிலிருந்து உண்டான கயோலினைட் களிமண்ணும் புதிய குவார்ட்ஸும் தென்படும். கால்சைட் அப்படியில்லை, கரைந்தது எங்கே போனது என்று தேட வேண்டும். அதனால் அந்த வரியை எழுதுமுன் மேலும் கீழும் உள்ள கோர்களின் ஸ்லைடுகளையும் எடுத்து வைக்கச் சொல்கிறேன். அங்கே கால்சைட் கூடியிருந்தால் பேசலாம். இல்லையென்றால் அந்த வரி அறிக்கையில் போகாது.