சுன்னத்துக்கு முன் ஒரு தடவை நன்றாகப் பாருங்கள்

ஆண் குழந்தைக்கு மூத்திரத் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கமாக இருந்தால் ('ஹைப்போஸ்பேடியாஸ்' என்ற பிறவிக் குறை), குழந்தைகள் அறுவை நிபுணர் பார்க்கும்வரை யாரையும் முன்தோலில் கைவைக்க விடாதீர்கள். முதலில் இதை மனதில் வையுங்கள், மற்றதைப் பிறகு படிக்கலாம். என் மகன் மயிரிழையில் தப்பியவன்.

பிறந்த அன்றே வித்தியாசம் தெரிந்தது. மேல்பக்கத் தோல் முக்காடு போட்டதுபோல் திரண்டிருந்தது, கீழே தோலே இல்லை. "பொறக்கும்போதே சுன்னத் ஆகி வந்த புள்ள" என்று மாமிக்குச் சந்தோஷம். ஆனால் பெம்பர்ஸ் மாற்றும்போதெல்லாம் மூத்திரம் நேராக வராமல் கீழே சரிந்து தொடையை நனைக்கும். கோலாலம்பூர் செந்தூலில் வீட்டுக்குப் பக்கத்துத் தனியார் கிளினிக்கில் கேட்டோம். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "சுன்னத் செஞ்சா சரியாயிடும், ஸ்கூல் லீவுல கூட்டம் இருக்கும், அதுக்கு முன்ன கொண்டு வாங்க" என்றார் டாக்டர். தேதிகூடக் குறித்துக் கொடுத்தார்கள். இன்றும் அதை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

காப்பாற்றியவர் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) இருந்த ஒரு மிஸ்ஸி (நர்ஸ்). இரண்டாம் மாத ஊசிக்குப் போனபோது தொடையில் ஊசி போட பெம்பர்ஸைத் தளர்த்தியவர், அப்படியே நிறுத்திவிட்டார். "தங்கச்சி, இத டாக்டர் யாரும் பார்த்தாங்களா? சுன்னத் பண்ணிடாதீங்க. தச்சு சரிபண்ண அந்தத் தோல்தான் வேணும்." உள்ளே இருந்த டாக்டரும் அதையே சொல்லி ரெஃபரல் லெட்டர் எழுதிக் கொடுத்தார்.

அந்த லெட்டரோடு ஆரம்பித்ததுதான் அலைச்சல். பெரியவர்களைப் பார்க்கும் யூராலஜி (மூத்திரப் பாதை) கிளினிக்குக்கு எழுதிவிட்டார்கள். விடியற்காலையில் கிளம்பி, நம்பர் எடுத்து, பால் கொடுக்க இடம் தேடி, மதியம் வரை உட்கார்ந்த பிறகு கவுண்டரில், "இது பேபி, இங்க இல்ல" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பினார்கள். லெட்டரில் 'குழந்தைகள் அறுவைச் சிகிச்சை' என்று இருக்கிறதா, 'ஹைப்போஸ்பேடியாஸ்' என்ற பெயர் எழுதியிருக்கிறதா என்று கிளினிக்கை விட்டு வெளியே வருவதற்கு முன்பே பாருங்கள்.

அடுத்த இடத்தில் வேறு சிக்கல். மகனுடைய பிரசவ ரெக்கார்டு என் ஐசி (அடையாள அட்டை) எண்ணில் 'இன்னாரின் குழந்தை' என்று கிடந்தது, புது அப்பாய்ண்ட்மென்ட் அவனுடைய மைகிட் (குழந்தைக்கான அடையாள அட்டை) எண்ணில். இரண்டும் ஒரே பிள்ளை என்று நிரூபிக்க பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள், அது வீட்டில். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிறப்புச் சான்றிதழ், மைகிட், குழந்தையின் ஹெல்த் புத்தகம், பெற்றோர் ஐசி எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுக் கையோடு வைத்திருங்கள்.

நிபுணரைப் பார்த்தது அத்தனைக்கும் மருந்து. துவாரம் எங்கே இருக்கிறது, உறுப்பு வளைகிறதா, இரண்டு விரையும் பையில் இறங்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். துவாரம் மிகவும் கீழே இருந்து விரையும் இறங்காமல் இருந்தால் ஹார்மோன், குரோமோசோம் பரிசோதனை வேண்டுமாம். என் மகனுக்கு நுனிக்குச் சற்றுக் கீழேதான், பெரும்பாலான பிள்ளைகளுக்கும் அப்படித்தான். ஏறக்குறைய 200 முதல் 300 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறதாம். கர்ப்பத்தின் 8ஆம் வாரத்துக்கும் 14ஆம் வாரத்துக்கும் இடையில் மூத்திரக் குழாய் முழுதாக மூடாமல் நின்றுவிடுவதால் வருவது. நான் அன்னாசி சாப்பிட்டதாலா என்று கேட்டேன், ஏனென்றால் வீட்டில் அந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. "நீங்க சாப்பிட்ட எதாலயும் இல்லம்மா" என்றார், பக்கத்தில் இருந்த மாமிக்கும் கேட்கும்படியாக. அன்றைக்கு எனக்கு அது பெரிய விடுதலை.

ஆபரேஷனுக்கு 6 மாதத்திலிருந்து 18 மாதத்துக்குள் நல்ல காலம் என்றார். முதலில் கொடுத்த தேதியில் காலையிலேயே பட்டினி போட்டுக் கொண்டுபோனோம். மூக்கு ஒழுகுவதையும் நெஞ்சில் சளிச் சத்தத்தையும் கேட்ட மயக்க மருந்து டாக்டர் ரத்து செய்துவிட்டார். கோபம் வந்தாலும் அவர் செய்தது சரி. தேதி நெருங்கும்போது கந்தூரி, கல்யாணம் என்று குழந்தையைக் கூட்டத்தில் கொண்டு போகாதீர்கள். தனியார் மருத்துவமனையில் சீக்கிரம் முடிக்கலாம் என்று இன்சூரன்ஸில் கேட்டதற்கு, பிறவிக் குறை என்று கையை விரித்தார்கள். பாலிசியில் அந்த வரியை முன்னாலேயே தேடிப் படியுங்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். சிரமம் வீட்டுக்கு வந்த பிறகுதான். மூத்திரம் வடிவதற்கான சின்ன டியூப் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பெம்பர்ஸ் போட வேண்டும்: உள்ளே இருப்பதன் முன்பக்கத்தில் சின்ன ஓட்டை வெட்டி, டியூபை அதன் வழியே வெளியே எடுத்துவிட்டால், மலம் உள் பெம்பர்ஸில் நிற்கும், மூத்திரம் வெளிப் பெம்பர்ஸில் இறங்கும். வெளிப் பெம்பர்ஸ் ஒரு சைஸ் பெரியதாக வாங்குங்கள். திடீரென்று முதுகை வில்லாக வளைத்து வீறிட்டால் பயந்துவிடாதீர்கள், மூத்திரப்பை சுருங்கிப் பிடிக்கும் வலி அது. அதற்கு ஆக்ஸிபியூட்டினின் கொடுத்தார்கள். அந்த மருந்தால் மலம் இறுகும், இறுகினால் வலி கூடும், அதனால் தண்ணீர் நிறையக் கொடுத்தோம். டியூபில் மூத்திரம் வராமல் நின்றாலோ காய்ச்சல் அடித்தாலோ காலை வரை காத்திருக்காமல் போக வேண்டும். டியூபை எடுக்கும் வரை நான் சரியாகத் தூங்கவில்லை.

சரிசெய்யும்போதே முன்தோலையும் எடுத்துவிட்டதால் சுன்னத்தும் முடிந்தது. இதை முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிடுங்கள். எல்லாக் குழந்தைக்கும் இப்படியே செய்வதில்லை.

இப்போது மூத்திரம் நேராக வருகிறது. தைத்த இடத்தில் வேறு ஓட்டை விழுந்து கசிகிறதா, தாரை மெலிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவை தாமதமாகவும் வரலாம், அதனால் டாய்லெட் பழகி நின்றுகொண்டு போகும்போது ஒரு தடவை காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அரசு ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்கில் கட்டணம் 5 வெள்ளிதான் (ரிங்கிட்). ஃபாலோ அப்பை யாரும் விட்டுவிட வேண்டாம்.