கவிழாத படகோட கணக்கு யாருகிட்ட இருக்கு?

2009 செப்டம்பர் 30, தேக்கடி. 45 பேர் செத்துப் போனாங்க, அதுல தமிழ்நாட்டுல இருந்து டூர் போனவங்களும் நெறைய. மாடி வச்ச படகு, கரையில மிருகத்த பாக்கலாம்னு ஜனம் ஒரே பக்கமா ஒதுங்க படகு சாஞ்சுருச்சு. அப்புறம் வழக்கம்போல விசாரணை கமிஷன், அறிக்கை எல்லாம் வந்துச்சு. ஆனா எனக்கு உறுத்துறது வேற, அதுக்கு முன்னாடி எத்தன தடவ இதே மாதிரி ஆளுங்க ஒரு பக்கமா எந்திரிச்சு, படகு லேசா சாஞ்சு, டிரைவர் உக்காருங்க உக்காருங்கன்னு கத்தி, நல்லவேளைன்னு கரை சேந்திருக்கும்? அத எந்த நோட்டுலயாவது யாராச்சும் எழுதி வச்சிருப்பாங்களா?

நம்மகிட்ட இருக்கிறது சாவு கணக்கு மட்டும்தான். தேசிய குற்ற ஆவணக் காப்பகம், அதான் என்சிஆர்பி, அவங்க அறிக்கைய எடுத்து பாத்தீங்கன்னா 2022ல மட்டும் நாடு முழுக்க தண்ணில மூழ்கி 38,000 பேருக்கு மேல போயிருக்காங்க, படகு கவிழ்ந்தது, தவறி விழுந்தது, மத்ததுன்னு மூணு கட்டத்துல அடைச்சிருவாங்க. லைஃப் ஜாக்கெட் இருந்துச்சா, இருந்தும் போடலையா, எத்தன பேர் ஏத்துனாங்க, அணையில தண்ணி தொறந்தாங்களா, எதுவும் அதுல கெடையாது. இத வச்சு எந்த கலெக்டர் எங்க போய் என்ன செய்வாரு சொல்லுங்க.

அமெரிக்காவுல ஆள் சாகணும்னு இல்ல, முதலுதவிய தாண்டி வைத்தியம் தேவைப்பட்டாலோ 2,000 டாலருக்கு சேதம் ஆனாலோ கூட படகுக்காரர் ரிப்போர்ட் குடுத்தே ஆகணும். அதனாலதான் 2023ல படகு விபத்துல செத்த 564 பேர்ல முக்கால்வாசி பேர் மூழ்கி செத்தவங்க, அந்த மூழ்கினவங்கள்ல 87 சதவீதம் லைஃப் ஜாக்கெட் போடாதவங்கன்னு அவங்களால சொல்ல முடியுது. அங்கயும் தப்பிச்ச கேஸ் எல்லாம் முழுசா வராதுன்னு வைங்க, இருந்தாலும் எத முதல்ல சரி பண்ணணும்னாவது தெரியுதே.

இங்கயும் 2021ல உள்நாட்டு கப்பல் சட்டம் புதுசா வந்துச்சு, 1917 சட்டத்த எடுத்துட்டு, விபத்த தகவல் சொல்லணும்னு அதுலயும் இருக்கு. ஆனா முக்கியமா இன்ஜின் படகுக்குத்தான் அது. ஒகேனக்கல் பரிசல்காரர் ஒருத்தர், நேத்து சுழில மாட்டி பரிசல் ரெண்டு சுத்து சுத்துச்சு சார்னு ஆபீஸ்ல போய் சொன்னா என்ன நடக்கும்? மொதல்ல அவர் பரிசலத்தான் நிறுத்துவாங்க. பின்ன எவன் வாயத் தொறப்பான்.

அதனால பேரு கேக்காம, ஃபாரம் கீரம் நீட்டாம, எந்த எடம், தண்ணி எவ்ளோ வந்துச்சு, எத்தன பேர் இருந்தாங்க, ஜாக்கெட் கிளிப்பு மாட்டியிருந்தாங்களா, இத மட்டும் வாட்ஸ்அப்ல ஒரு வாய்ஸ் நோட்டா வாங்குனாலே போதும்னு நெனைக்கிறேன். வாய்ஸ் நோட் வர்ற அந்த நம்பர் கேஸ் போடுற போலீஸ் கையில இருக்கக் கூடாது, அது ரொம்ப முக்கியம்.