துண்டு சுற்றும் வைத்தியம்

கேம் கன்சோல் சூடாகி நின்றுபோனால் அதன்மேல் துண்டைச் சுற்றி ஓடவிடு, சரியாகிவிடும் என்று இன்னமும் யாராவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள். அது மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல் காலத்து வைத்தியம். 2005 நவம்பரில் வந்த அந்தப் பெட்டியில் பவர் பட்டனைச் சுற்றி மூன்று சிவப்பு விளக்கு எரிந்தால் கதை முடிந்தது. சிப்புக்குள் இருக்கும் பொடிப்பொடி இணைப்புகள் சூடாகி ஆறி, மறுபடி சூடாகி ஆறி விரிசல் விட்டதுதான் காரணம். துண்டு சுற்றினால் சில பெட்டிகள் கொஞ்ச நேரம் உயிர் பிழைக்கும், பையன் ஒரு மேட்ச் ஆடுவான், அப்புறம் பழையபடி சிவப்பு. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் இதற்காகவே வாரண்டியை 3 வருஷமாக நீட்டி, நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. துண்டால் தீருகிற விஷயத்துக்கு எவனாவது அவ்வளவு கொட்டுவானா?

எங்கள் வீட்டு கன்சோல் வேறு ரகம், அதுவும் போன வாரம் பயங்கரமாக இரைந்துவிட்டு அணைந்துபோனது. ரிப்பேர் கடைத் தம்பி கழற்றிக் காட்டினார், சிப்பின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் தலையணைப் பஞ்சு மாதிரி தூசி, இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து உதிர்கிறது. துடைத்துப் புதுசாகத் தடவியதும் ஓடிவிட்டது. டிவி ஸ்டாண்டுக்குள் அடைக்காதீங்க அண்ணா, காத்து போகணும் என்றார். சரி, வெளியே எடுத்து வைத்தாயிற்று, இப்போது பூனை அதன்மேல் ஏறிப் படுக்கிறது.