மழலையர் வகுப்பு நாட்குறிப்பு: முதலில் பார்த்தது

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பிப்ரவரி 10, 2025, திங்கள்

நாளை தைப்பூசம். பிள்ளைகளின் வாயில் காவடிப் பேச்சுதான். காலை ஒன்பதரை மணிக்கு, நான்கு வயது 'க' நீளக் கட்டை ஒன்றை எடுத்துத் தோளில் வைத்தான். விழுந்தது. இன்னொரு தோளில் வைத்தான். அதுவும் விழுந்தது. சற்று நேரம் கட்டையையே பார்த்தான். பிறகு மஞ்சள் துணியை இரண்டாக மடித்துப் பிடரியில் போட்டு, அதன்மேல் கட்டையைக் குறுக்காக வைத்து, இரு முனைகளையும் பிடித்துக்கொண்டான். நின்றது. சுவரோரமாக நடந்தான். ஜூலு பேசும் வீட்டுப் பிள்ளையான 'ந', டப்பா மூடியைத் தட்டியபடி பின்னால் போனான். 'க' சுழன்றால் தட்டு வேகமெடுத்தது. அவன் நின்றால் ஓய்ந்தது.

நோட்டில் இவ்வளவுதான் எழுதினேன். என் கருத்துக்கு எதிர்ப்பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 12, புதன்

புதிதாகச் சேர்ந்த ஆசிரியை தன் குறிப்பைக் காட்டினாள்: "'ஸ' கூச்ச சுபாவம். பாட்டில் கலந்துகொள்வதில்லை."

"நீ பார்த்தது என்னம்மா?" என்று கேட்டேன்.

"ஜன்னல் ஓரம் நின்றாள், அக்கா. விரலால் கவுனில் தாளம் போட்டாள். கடைசி வரி வந்தபோது உதடு அசைந்தது."

"அதை எழுது."

கூச்சம் என்று ஒருமுறை எழுதிவிட்டால், அடுத்து வரும் ஆசிரியைக்கும் அந்தக் கூச்சம்தான் கண்ணில் படும். விரல் படாது. இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிற விஷயம்.

பிப்ரவரி 14, வெள்ளி

பிறப்பு முதல் நான்கு வயது வரைக்கான நம் தேசியப் பாடத்திட்டச் சட்டகத்தை (2015) மறுபடி புரட்டினேன். நலவாழ்வு, அடையாளமும் சொந்தமென்ற உணர்வும், தொடர்பாடல், கணிதத் தேடல், படைப்பாற்றல், உலகை அறிதல் என்று ஆறு பகுதிகள். 'க'வின் காவடி இவற்றில் எதற்குள் அடங்கும்? எடையைச் சமன்செய்தது கணிதம். காவடியே அவனுடைய அடையாளம். 'ந'வோடு வார்த்தையில்லாமல் ஒத்துப்போனது தொடர்பாடல். கட்டத்துக்குக் கட்டம் டிக் போட்டால் இந்த ஒரே விளையாட்டு துண்டு துண்டாகிவிடும். நியூசிலாந்தில் கல்வி ஆய்வாளர் மார்கரெட் கார் முன்வைத்த 'கற்றல் கதை' முறை எனக்குப் பிடிப்பது இதனால்தான். நடந்ததை நடந்தபடி கதையாக எழுதி, அதன் பொருளை யோசித்து, அடுத்து என்ன செய்யலாம் என்று முடிவு செய்வார்கள். குழந்தையும் வீட்டாரும் அந்தக் கதையைப் படிப்பார்கள், பேசுவார்கள். இருபது பிள்ளைகளுக்கு நடுவே எல்லோருக்கும் தினமும் எழுத முடியாது. வாரத்துக்கு இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால் முடியும்.

பிப்ரவரி 17, திங்கள்

மாலையில் 'க'வை அழைத்துப்போக அவன் ஆயா (பாட்டி) வந்தார். குறிப்பைப் படித்துக் காட்டினேன். மடித்த துணி என்றதும் நிறுத்தச் சொன்னார்.

"அவன் தாத்தா காவடி எடுக்கும்போது தோள் நோகாமல் இருக்க நான்தான் டீச்சர் துணி மடித்து வைப்பேன். இவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பான்."

எதிர்ப்பக்கத்தில் ஆயா சொன்னதை அப்படியே எழுதினேன்.

நாளைக்கு வெவ்வேறு நீளத்தில் மூங்கில் குச்சிகள், கயிறு, சில துணித் துண்டுகள் எடுத்துவைக்க வேண்டும். சொல்லித் தர எதுவும் இல்லை. 'ந'வுக்குத் தட்டுவதில் இத்தனை நிதானம் எங்கிருந்து வந்தது என்று அவன் அம்மாவிடம் கேட்க வேண்டும்.